பட்டாணியும் பிராணாயாமமும்

லாங் ஐலண்ட்
அந்தமான்
5.3.1967

அன்புள்ள அலமு,

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமை போட்டில் வந்தது. பாதிக்கு மேல் புலம்பல். நீலா ஏழு வயதிலேயே எதிர்த்துப் பேசுகிறாள், வேலு வீட்டை இரண்டாக்குகிறான், ருக்கு கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடுகிறாள், தனியாக எத்தனை நாளைக்கு மாரடிப்பது என்று கேட்டிருக்கிறாய். முன்னால் என்றால் இதைப் படித்ததும் கசக்கி எறிந்திருப்பேன். இப்போது மூச்சை மெதுவாக இழுத்தேன், நிறுத்தினேன், விட்டேன். மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

போன வருடம் லீவில் மெட்ராஸ் போனபோது முதுகுவலிக்காக யோகாசனம் கற்றுக்கொண்டு வந்தேன். அப்போது நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். இன்றைக்கு முதுகுவலியும் இல்லை, என் முன்கோபமும் இல்லை. டிப்போவில் மரம் அளக்கிற ஆட்கள் என்னை 'சாமி பாபு' என்று கூப்பிடுகிறார்கள். ரேஞ்சர் கத்தினாலும் நான் சிரித்துக்கொண்டே நிற்கிறேன். அவருக்குத்தான் இன்னும் கோபம் ஏறுகிறது.

ஆகையால் யோசித்துச் சொல்கிறேன், கேள். குறை குழந்தைகளிடம் இல்லை. அவர்கள் மனசு குரங்கு மாதிரி தாவுகிறது, அதைக் கட்ட நாம் கற்றுக்கொடுக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மூவரையும் எழுப்பு. கிழக்கே பார்த்து உட்கார வை. ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் மூச்சு விடச் சொல். பிறகு சுவரோடு சேர்த்துக் காலை மேலே தூக்கச் சொல், பிறகு சவாசனம், அதாவது பிணம் போல அசையாமல் படுப்பது. சாப்பிடும்போது பேச்சே கூடாது. வாயில் இருக்கிற சோற்றை மட்டும் நினைத்துக்கொண்டு நன்றாக மென்று விழுங்க வேண்டும். இதற்கெல்லாம் காசு வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், மெயின்லேண்ட் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். நீயும் கூடவே உட்கார்ந்தால் உனக்கும் நல்லது.

படித்துவிட்டு அரிசி டின்னுக்கு அடியில் சொருகிவிடாதே. செய்து பார்த்து எழுது.

அன்புள்ள,
ஜம்புலிங்கம்

*

டெலானிபூர், போர்ட் பிளேர்
14.3.1967

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் கேட்கவில்லை.

செய்து பார்த்து எழுது என்றீர்கள். செய்து பார்த்தேன். எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு டெலானிபூரில் சூரியனுக்கு முன்னால் வருவது குழாய்த் தண்ணீர் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. மேட்டில் இருக்கிற இத்தனை குவார்ட்டர்ஸுக்கும் ஒரு குழாய். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஓடி வந்து, மூவரையும் கிழக்கே பார்த்து உட்கார வைத்துவிட்டு, நானும் கண்ணை மூடினேன். திறந்து போய்ப் பார்த்தால் என் குடம் வரிசைக்கு வெளியே கவிழ்ந்து கிடக்கிறது. அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் இல்லை. கிழக்கு அங்கேயேதான் இருந்தது.

மறுநாள் குழாயை முடித்துவிட்டு மூச்சுப் பயிற்சி வைத்தேன். ஒரு மூக்கை அடைக்கச் சொன்னேன். ருக்கு அடைத்துவிட்டாள். பட்டாணியால். அத்தான், மூன்று வயசுக் குழந்தை சொன்னதைத்தான் செய்தது, நான் யாரை அடிப்பது? அரிசி களைந்த கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி இறக்கத்தில் ஓடினேன். டாக்டர் இடுக்கி போட்டு எடுத்துவிட்டு, "யே கைசே ஹுவா?", இது எப்படி ஆயிற்று என்றார். யோகா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டு என்றேன்.

சுவரில் காலைத் தூக்கியதில் வேலுவின் பாதங்கள் அரசாங்கச் சுண்ணாம்பின் மேல் ஏறிப் போகின்றன, அழுக்காக, கூரை வரைக்கும் போகிற உத்தேசத்தோடு. சாப்பாட்டில் சோற்றை மட்டும் நினைக்கச் சொன்னேனா, ஸ்கூல் மணி அடித்த பிறகும் நீலா முதல் கவளத்தையே மென்றுகொண்டிருந்தாள். "அப்பா சொன்னாங்கல்ல, அவசரப்படக்கூடாதுன்னு" என்கிறாள். உங்கள் சொல்லை உங்கள் மகள் தனக்கு வேண்டியபோது மட்டும் மதிப்பாள்.

அதற்கு மேல் சவாசனம். மூன்றும் தரையில் மல்லாந்து, கையைப் பரப்பி, கண்ணை மூடிக் கிடக்கின்றன. நான் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மரகதம் அக்கா உறைமோர் வாங்க உள்ளே வந்தவள் அதைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் மேட்டுத் தெருவே கூடிவிட்டது. பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லா பாஷையிலும் என்னைக் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் ஆனால் இந்த மூன்றும் தாமாகவே போய் வாசல் படியில் உட்கார்ந்துவிடுகின்றன. அங்கிருந்து துறைமுகம் தெரியும். வடக்கேயிருந்து போட் வருகிறதா என்று பார்க்கும். அந்த நேரம் மட்டும் சண்டை இல்லை, சத்தம் இல்லை, ருக்குகூட விரலை வாயிலிருந்து எடுத்துவிடுவாள். வந்த போட்டில் நீங்கள் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து வந்து மறுபடி அடித்துக்கொள்ளும். இதற்கு உங்கள் ஆசனத்தில் என்ன பெயரோ.

வருஷப் பிறப்புக்காவது வாருங்கள்.

அலமு

*

லாங் ஐலண்ட்
22.3.1967

அன்புள்ள அலமு,

பட்டாணி விஷயம் படித்துப் பதறிப் போனேன். மூக்கில் புண் ஏதும் இல்லையே? இனி அவளுக்கு மூச்சுப் பயிற்சி வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

மற்றபடி உன் கடிதத்தில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். கற்றுக்கொடுக்கிறவர் மனசு எப்படியோ அப்படித்தான் கற்றுக்கொள்கிறவர் மனசும். நீ குடத்தை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினால் குழந்தை எப்படி அடங்கும்? குடம் போனால் போகிறது என்று ஒரு நிமிஷம் விட்டுப் பார்த்தாயா? பரபரப்பு உன்னிடமிருந்துதான் அவர்களுக்குப் போகிறது. குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நான் இங்கே காலையில் வராந்தாவில் உட்கார்ந்தால், மில் சங்கு ஊதுவதுகூடக் காதில் விழாது. யானைகள் கட்டைகளை இழுத்துக்கொண்டு போகும், பாகன்கள் கத்துவார்கள், எதுவும் என்னைத் தொடாது. அந்த நிலை உங்கள் எல்லோருக்கும் வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வருஷப் பிறப்புக்கு வர முடியாது. மழைக்கு முன்னால் கட்டைகளைத் தண்ணீரில் இறக்கியாக வேண்டும், வேலை நெருக்குகிறது. குழந்தைகளிடம் சொல். ஏமாற்றத்தையும் அமைதியாக ஏற்றுக்கொள்ளப் பழகட்டும்.

ஜம்புலிங்கம்

*

டெலானிபூர்
26.4.1967

அத்தானுக்கு,

ஒரு மாதமாக நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டு மூன்று வரி போட்டிருந்தீர்கள். குடம் போனால் போகிறது என்று எழுதின மனுஷருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

குழாயடியில் மரகதம் அக்கா சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பக்தவத்சலம் அண்ணன் உங்கள் ஆபீஸில்தானே இருக்கிறார். "ஏன் அலமு, இங்க டிப்போவுல இடம் காலியாச்சு, உன் வீட்டுக்காரருக்குத்தான் முதல்ல கேட்டாங்களாம். அவர் லாங் ஐலண்டே போதும்னு சொல்லிட்டாராமே, உனக்குத் தெரியாதா?" என்றாள். குடம் நிரம்பி வழிந்தது. தெரியும் அக்கா என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, வேலை நெருக்கவில்லை. வர முடியாமல் இல்லை. வர வேண்டாம் என்று இருக்கிறீர்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது அத்தான். உங்களுக்கு அமைதி எங்கேயிருந்து வந்தது தெரியுமா? ஆசனத்திலிருந்து இல்லை. மூன்று குழந்தைகளும் என்னிடம் இருக்கிறதிலிருந்து வந்தது. அவர்களை என் தலையில் கட்டிவிட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடினால் யாருக்குத்தான் சாந்தி வராது? எனக்கும் வரும்.

மே முடிவதற்குள் நீங்கள் சரி என்று சொல்லாவிட்டால் அந்த இடம் மாயாபந்தரில் இருக்கிற வேறொருவருக்குப் போய்விடுமாம். அப்புறம் எத்தனை வருஷமோ. போன தடவை நீங்கள் வந்தபோது ருக்கு உங்களைப் பார்த்து என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாளே, அது நினைவிருக்கிறதா? அவளுக்கு அப்பா என்றால் ஒரு போட். அவ்வளவுதான்.

ஸ்கூல் லீவு விட்டாயிற்று. ஜெயமணி சிஸ்டர் திங்கட்கிழமை போட்டில் லாங் ஐலண்ட் டிஸ்பென்சரிக்கு டியூட்டிக்கு வருகிறார். அவருடன் மூவரையும் அனுப்புகிறேன். யோகம் உங்களுடையது, குழந்தைகளும் உங்களுடையவைதான். கிழக்கே பார்த்து உட்கார வையுங்கள்.

ருக்கு ராத்திரி ஒரு தரம் எழுந்து அழுவாள், முதுகைத் தட்டினால் போதும். வேலுவுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. நீலாவுக்குத் தலைபின்ன வேண்டும், இரட்டைப் பின்னல். படகுத்துறை ஜெட்டியில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அலமு

*

லாங் ஐலண்ட்
6.5.1967

அன்புள்ள அலமு,

குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். நீ இப்படித் திடீரென்று செய்தது சரியில்லை. ஆனாலும் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு வாய்ப்பு என்றே எடுத்துக்கொண்டேன். சொல்லிக்கொடுக்கிற விதத்தில் சொல்லிக்கொடுத்தால் எப்படி அடங்குவார்கள் என்று உனக்குக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்று எழுதியிருப்பதைக் கவனி.

முதல் நாள் காலை நான் வழக்கம் போல வராந்தாவில் உட்கார்ந்தேன். நான் உட்காருவது கொசுவலைக்குள்ளே. இதை உனக்கு எழுதவில்லை, எழுத வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. வலை ஒற்றை ஆள் வலை. மூவரும் வெளியே நின்று பார்த்தார்கள். நீலா, "அப்பா, நீங்க வலைக்குள்ள. நாங்க எங்க உட்காருறது?" என்றாள். வேலு வலையைத் தூக்கி உள்ளே வந்தான், பின்னாலேயே ருக்கு. கயிறு அறுந்து வலை எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது. சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் சிரிக்கவில்லை.

ஆகையால் மறுநாள் விடியற்காலையில் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வாய். விடியற்காலையில் மணலில் எவனாவது உட்காருவானா, மணல் ஈ பிய்த்துவிடாதா என்று கேட்பாய். தெரியாமல் போகவில்லை. இந்தத் தீவுக்கு வந்த இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாததா? அசையாமல், மனசை ஒருமுகப்படுத்தி உட்கார்ந்தால் கடிக்காது என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. எனக்கு அது கடிக்காததற்குக் காரணம் கொசுவலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மூவர் உடம்பிலும் இடைவெளி இல்லாமல் தடிப்பு. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு அழுகை. மில்லில் வேலை செய்கிற குழந்தைவேலுவின் சம்சாரம் அன்னம்மாள் வந்து தேங்காய் எண்ணெய் பூசிவிட்டாள். "சாமி பாபு, பச்சா லோகை, இந்தச் சின்னப் புள்ளைங்களை, மண்ணுல உக்கார வச்சு எந்தச் சாமியாவது கும்பிடச் சொல்லுதா?" என்று கேட்டாள். நீலாவின் பின்னலையும் அவள்தான் போட்டுவிட்டாள். நான் போட்டது அவிழ்ந்துவிட்டது.

பயப்படாதே, காய்ச்சல் இல்லை. நம் வேலுவுக்கும் அன்னம்மாள் வீட்டுக்காரருக்கும் கூப்பிடுகிற பெயர் வேலுதான் என்பதால் யாரைக் கூப்பிட்டாலும் இரண்டு பேர் வருகிறார்கள், அது ஒரு தொல்லை. இன்னும் சில நாளில் ஒரு ஒழுங்கு வந்துவிடும்.

ஜம்புலிங்கம்

*

டெலானிபூர்
11.5.1967

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூச்சை மெதுவாக இழுத்தேன், நிறுத்தினேன், விட்டேன்.

கற்றுக்கொடுக்கிறவர் மனசு எப்படியோ அப்படித்தான் கற்றுக்கொள்கிறவர் மனசும் என்று ஒரு பெரியவர் எனக்கு எழுதியிருந்தார். நீங்கள் வலையை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினால் குழந்தைகள் எப்படி அடங்குவார்கள்? வலை போனால் போகிறது என்று ஒரு நிமிஷம் விட்டுப் பார்க்கக் கூடாதா? குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இதை எழுதிவிட்டு நன்றாகச் சிரித்தேன். அப்புறம் என் பிள்ளைகள் உடம்பெல்லாம் தடித்துக் கிடப்பதை நினைத்து அழுகை வந்துவிட்டது. வேப்பிலை அங்கே கிடைக்காது, எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர்கள் போன அன்றைக்குச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். நடுவில் ஒருவரும் கக்கூஸ் என்று கூப்பிடவில்லை. நீலா பிறந்ததற்கு அப்புறம் இது எனக்கு நடந்ததே இல்லை. மத்தியானம் தூங்கினேன். எழுந்தபோது வீடு இருந்த இருப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று பயமாகிவிட்டது.

சாயங்காலம் படிக்குப் போனேன். அவர்கள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து பார்க்கலாம் என்று. முடியவில்லை அத்தான். கை பரபரக்கிறது. எழுந்து உள்ளே வந்து அரிசி டின்னைக் கழுவிக் கவிழ்த்தேன். காலியாக இல்லாத டின். அரிசியைக் கொட்டிவிட்டுக் கழுவினேன். நீங்கள் சொல்கிற பரபரப்பு எனக்கு இருப்பது வாஸ்தவம்தான். அது எங்கேயிருந்து வந்தது என்றுதான் நீங்கள் கேட்டதில்லை.

சுவரில் வேலுவின் கால் தடத்தைத் துடைக்கவில்லை. அவன் வந்ததும் அவனே துடைக்கட்டும்.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. இங்கே வருவதற்குச் சரி என்று சொன்னீர்களா இல்லையா? மணல் ஈயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரிகிறது. மே மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மழை பிடிப்பதற்குள் குழந்தைகளை அனுப்பிவிடுங்கள்.

அலமு

*

லாங் ஐலண்ட்
20.5.1967

அலமு,

மழை பிடித்துவிட்டது. போட் வரவில்லை. கட்டைகளை இழுத்துப் போகிற டக்போட் ஒன்று மட்டும் நாளை கிளம்புகிறது. அதை ஓட்டுகிற சாரங், கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன், குழந்தைகளை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காலில் விழாத குறையாகக் கேட்டேன். "பாபு, சமுந்தர் பஹுத் கராப், கடல் ரொம்ப மோசம், என் உசுருக்கே கேரண்டி இல்ல" என்கிறார்.

நான் மூச்சை இழுத்தேன் நிறுத்தினேன் என்றெல்லாம் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. நீலா தன் ஸ்கூல் பாட்டை விடிந்ததிலிருந்து பாடுகிறாள். ருக்கு என் பிரம்புப் பாயில் ஒன்றுக்குப் போய்விட்டாள், அதுவும் நான் அதன் மேல் உட்கார்ந்திருக்கும்போது. ரேஞ்சர் கத்தினால் இப்போது நானும் கத்துகிறேன். அவருக்கு அதில் ஒரே சந்தோஷம். இதை நீ தினமும் எப்படிச் செய்கிறாய்? தண்ணீர் வேறு பிடித்துக்கொண்டு?

ஆனால் எழுத வேண்டியது வேறு. நேற்றைக்கு நடந்தது. வேலு நன்றாக இருக்கிறான், அதை முதலில் எழுதிவிடுகிறேன், மேலே படி.

எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், என்ன சத்தம் வந்தாலும் கண்ணைத் திறக்கக் கூடாது, திறந்தால் தோற்றுப் போனாய் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் ஒரு நாளும் செய்ததில்லை. நேற்று செய்தான். டிப்போவில் கட்டைகளைக் கடலுக்கு உருட்டி விடுகிற சரிவு இருக்கிறது அல்லவா, அதன் நடுவில் போய்ப் பத்மாசனம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மேலே யானை ஒரு பெரிய படாக் மரக் கட்டையை நெற்றியால் தள்ளிக்கொண்டு வருகிறது. பாகன் பார்த்துவிட்டு விலகச் சொல்லி, "ஹட் ஜா, ஏ பச்சா, ஹட் ஜா" என்று கத்துகிறான். ஆட்கள் எல்லோரும் கத்துகிறார்கள். இவன் கண்ணைத் திறக்கவில்லை. அலமு, நம் பிள்ளை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டான், அது அந்த நேரம் பார்த்துக் கேட்டான்.

நான் அளவு நாடாவோடு தூரத்தில் நின்றேன். ஓடி எட்ட முடியாது. என்னிடமிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் உனக்குத் தெரியும். டெலானிபூர் மேடு முழுக்கக் கேட்குமே, நீ ஜன்னலைச் சாத்துவாயே, அந்தக் குரல். "டேய் வேலு." அவ்வளவுதான். கண்ணைத் திறந்தான். குதித்து ஓடினான். பாகன் யானையை நிறுத்தியும் கட்டை நிற்கவில்லை, அவன் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

பிடித்து முதுகில் ஒன்று வைத்தேன். அவன் அழுதுகொண்டே, "நீங்கதானப்பா கண்ணைத் தொறக்கக்கூடாதுன்னீங்க. நான் தோத்துட்டேன்" என்றான்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அங்கே வந்தால் பழையபடி கத்துவேன், டம்ளரை எறிவேன், குழந்தைகள் என்னைப் பார்த்து ஒளிந்துகொள்ளும் என்று பயம். இங்கே இருந்தால் நல்லவனாக இருக்க முடிகிறது. அதனால்தான் வேண்டாம் என்றேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவ்வளவு கத்தினேனே, ராத்திரி ருக்கு என்னிடம் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். கால் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்பா, டேய் சொல்லு" என்றாள். மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள்.

அதற்கு முன்னால், சாயங்காலம், மழை கொஞ்சம் விட்டிருந்தது. மூவரும் போய் ஜெட்டியில் உட்கார்ந்தார்கள். நான் சொல்லவில்லை. முதுகை நேராக்கு என்று சொல்லவில்லை. ஒரு பேச்சு இல்லை, ஒரு அசைவு இல்லை. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து நீலாவிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "போட் பாக்கிறோம்பா. அங்க உங்களுக்காகப் பாப்போம். இங்க அம்மாவுக்காக" என்றாள்.

இதற்கு என்ன பெயர் என்று நீ கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை.

ஜம்புலிங்கம்

*

டெலானிபூர்
24.5.1967

அத்தானுக்கு,

கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். வேலு நன்றாக இருக்கிறான் என்று முதலில் எழுதிவிட்டீர்கள், இல்லாவிட்டால் பாதியில் விழுந்திருப்பேன். ஆனாலும் முழுதும் படித்துவிட்டுப் போய் வேலுவின் கால் தடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை யாரும் துடைக்க வேண்டாம்.

உங்கள் மேல் வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிள்ளையிடம் கண்ணைத் திறக்காதே என்று சொல்கிற இடமா மரம் உருட்டுகிற டிப்போ? படித்தவர்தானே நீங்கள்? பக்கத்தில் இருந்திருந்தால் நானே இரண்டு டம்ளரை எறிந்திருப்பேன்.

எறியாமல் யோசித்தேன். அத்தான், நீங்கள் எந்தக் குரலுக்குப் பயந்து ஓடினீர்களோ, அந்தக் குரல்தான் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. பாகன் குரலுக்குத் திறக்காத கண் உங்கள் குரலுக்குத் திறந்தது. அவனுக்கு அந்தக் குரல் தெரியும். அப்பா என்றால் அதுதான் என்று தெரியும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் தீவுக்குத் தீவு ஒளிந்தால் எப்படி?

கோபம் வரட்டும். வந்துவிட்டுப் போகட்டும். உங்கள் மூச்சை நீங்கள் இழுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொசுவலைக்குள்ளேயே இழுங்கள். டம்ளர் மட்டும் கூடாது. டம்ளரை எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். மற்றபடி எனக்கு நல்லவர் வேண்டாம் அத்தான். குடம் தூக்க ஒரு ஆள் வேண்டும். ராத்திரி ருக்கு எழுந்தால் ஒரு தரம் நான், ஒரு தரம் நீங்கள் என்று இருக்க வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

மாயாபந்தர்காரர் தினம் ஆள் விட்டு விசாரிக்கிறாராம். மரகதம் அக்கா சொன்னாள். கடிதம் போட நாள் இல்லை. வயர்லெஸ் இருக்கிறதே.

அலமு

*

லாங் ஐலண்ட்
30.5.1967

அன்புள்ள அலமு,

நேற்று வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. சரி என்று. பக்தவத்சலம் அண்ணன் உனக்கு முன்பே சொல்லியிருப்பார், மரகதம் அக்கா அதற்கும் முன்பே சொல்லியிருப்பாள். எனக்குப் பதிலாக இங்கேயே ஒரு ஆளைப் போட்டுவிட்டார்கள். ரேஞ்சர் வருத்தப்பட்டார். இப்போதுதான் நீ மனுஷனாகப் பேச ஆரம்பித்தாய், அதற்குள் போகிறாயே என்றார்.

கடல் அடங்கிவிட்டது. சனிக்கிழமை போட் வருகிறது. நாங்கள் நான்கு பேர் அதில் வருகிறோம். இதை டக்போட் சாரங்கிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் வெள்ளிக்கிழமை திரும்புகிறார், பதில் இருந்தால் கொடு.

ஐந்து மணிக் குழாய்க்கு இனி நான் போகிறேன். ஆபீஸில் சேருகிறதற்கு முன்பே குழாயில் சேர்ந்துவிடுகிறேன். சண்டை வந்தால் கத்துவேன், அங்கே அது உபயோகப்படும்.

நீ ஜெட்டிக்கு வர வேண்டாம். குழந்தைகள் மூவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். நீலா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எப்பவும் நாங்களே பாக்கிறோம். இந்தத் தடவை அம்மா படியில உக்காந்து போட் பாக்கட்டும். ஒரு வேலையும் செய்யக் கூடாது." வேலு, முறத்தை எடுத்துக்கொண்டு வரக் கூடாது என்று சேர்த்து எழுதச் சொல்கிறான். ருக்கு என்ன சொன்னாள் என்று புரியவில்லை, கோபமாகச் சொன்னாள்.

உட்காருவாயா?

ஜம்புலிங்கம்

*

டெலானிபூர்
2.6.1967

அன்புள்ள அத்தானுக்கு,

சாரங் வாசலில் நிற்கிறார், ஜல்தி ஜல்தி என்கிறார். ஆகையால் சுருக்கமாக.

ருக்குவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டில் பட்டாணி விற்பார்கள், வாங்கித் தராதீர்கள். வேலு கம்பிக்குப் பக்கத்தில் போனால் அந்தக் குரலில் கூப்பிடுங்கள். நீலாவின் பின்னல் அவிழ்ந்தால் அவிழட்டும், வந்ததும் நான் போட்டுவிடுகிறேன்.

உட்காருகிறேன். ஆனால் மூவரிடமும் சொல்லிவிடுங்கள், முறத்தோடுதான் உட்காருவேன். சும்மா உட்கார எனக்கு வராது, சனிக்கிழமை ஐந்து பேருக்கு உலை வைக்க வேண்டும், அரிசியில் கல் கிடக்கிறது. போட் தெரிகிற வரைக்கும் புடைப்பேன்.

தெரிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அலமு